துபாயில் நாலு நாள் வேலை, மூன்று நாள் ஊர் சுற்றல்: வெயிலைப் பார்த்துத் திட்டமிடுவது எப்படி

மணலியில் வால்வு சர்வீஸ் செய்கிறவர், காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் எலக்ட்ரிக்கல் பார்க்கிறவர், மண்ணடியில் ஹார்டுவேர் மொத்த வியாபாரம் வைத்திருப்பவர் என்று நாலைந்து நாள் வேலையாக துபாய் போய்வருகிறவர்கள் வடசென்னையில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். பாதிப் பேர் ஏர்போர்ட், ஹோட்டல், சைட், மறுபடி ஏர்போர்ட் என்று திரும்பிவிடுகிறார்கள். மீதிப் பேர் கடைசி நாள் காலை பத்து மணிக்குக் கிளம்பி எல்லாவற்றையும் பார்த்துவிட நினைத்து, மதியம் இரண்டு மணிக்குத் தலைசுற்றலோடு ஏதாவது ஒரு மாலின் தரையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். துபாயில் எங்கே போகிறோம் என்பதைவிட எத்தனை மணிக்குப் போகிறோம் என்பது முக்கியம். அதைச் சரியாகப் பிடித்துவிட்டால் வேலையும் கெடாது, உடம்பும் கெடாது, ஊரையும் நிதானமாகப் பார்க்கலாம்.

எந்த மாதம் அனுப்புகிறார்கள்?

நவம்பர் முதல் மார்ச் வரை என்றால் யோசிக்க வேண்டியதில்லை. ஜனவரியில் பகல் வெப்பம் 24 டிகிரி, அதிகாலையில் 14, 15 டிகிரி. பாலைவனத்துக்குள் இரவில் இன்னும் குளிரும். ஒரு ஸ்வெட்டர் இல்லாமல் போய் நடுங்கியவர்கள் உண்டு.

ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் கவனம் வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் பகலில் 41, 42 டிகிரி சாதாரணம். இரவிலும் 30-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். "அக்னி நட்சத்திரத்தையே பார்த்தாச்சு, இது என்ன பெரிய வெயில்" என்ற நினைப்போடுதான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். திருவொற்றியூரிலோ காசிமேட்டிலோ மே மாதத்தில் மதியவாக்கில் கடல்காற்று நுழைந்ததும் வெக்கை தணியும். துபாயிலும் கடல்காற்று உண்டு, ஆனால் அது குளிர்விக்காது. வளைகுடா ஆழம் குறைந்த கடல். சராசரியே 35 மீட்டர் அளவுதான். ஆகஸ்டில் அதன் மேல்பரப்பு நீரே 32 டிகிரியைத் தாண்டிவிடும். அங்கிருந்து வரும் காற்று ஈரத்தைக் கொண்டுவந்து அப்புகிறது. வியர்வை காயாமல் உடம்பிலேயே நின்றால் உடம்பு குளிராது. விடியற்காலையில் வெப்பம் குறைவாகத் தெரிந்தாலும் ஈரப்பதம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும்.

துபாய் இருக்கும் ஐக்கிய அரபு அமீரகத்தின் அரசாங்கமே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை நேரடி வெயிலில் வேலை செய்ய வைக்கக் கூடாது என்று தடை போட்டிருக்கிறது. பழகிய தொழிலாளிக்கே அந்த விதி என்றால், நேற்று இறங்கிய நமக்கு அந்த நேரத்தில் தெருவில் வேலையில்லை. உங்கள் வேலை திறந்த யார்டில் என்றால், கோடைக்காலத்தில் வேலை அட்டவணையையும் இந்தத் தடையைக் கணக்கில் வைத்தே கேட்டு வாங்குங்கள். மூன்று நாள் வேலை என்று இங்கே போட்ட கணக்கு அங்கே நான்காக நீளுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆபீஸில் என்ன கேட்டு வைப்பது

டிக்கெட் போடுவதற்கு முன்பே கேட்க வேண்டும். போட்டபின் தேதி மாற்றினால் அபராதம் உங்கள் தலையில் விழும். வாயால் கேட்டாலும் கடைசியில் மெயிலில் இப்படி ஒன்று இருக்கட்டும்:

"சார், துபாய் வேலை வியாழன் மாலை முடியும் என்று திட்டம். வெள்ளி, சனி, ஞாயிறு சொந்தப் பொறுப்பில் தங்கி, ஞாயிறு இரவு விமானத்தில் திரும்ப அனுமதி வேண்டும். வெள்ளிக்கு ஒரு நாள் லீவு போடுகிறேன். அந்த நாள்களின் ஹோட்டல், சாப்பாடு, போக்குவரத்து என் செலவு. டிக்கெட் விலை கூடினால் வித்தியாசத்தைக் கட்டிவிடுகிறேன். வேலை நீண்டால் லீவை ரத்து செய்து வேலையை முடித்துவிட்டுத்தான் வருவேன்."

கடைசி வரிதான் அனுமதி வாங்கித் தரும். டிக்கெட் வித்தியாசத்துக்கு ஆதாரமாக, வியாழன் இரவுத் திரும்பும் விலை, ஞாயிறு இரவுத் திரும்பும் விலை இரண்டையும் ஒரே நாளில் பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்த மெயிலோடு சேருங்கள். பல சமயம் வித்தியாசமே இருக்காது.

கம்பெனி எடுத்துத் தரும் பயணக் காப்பீடு பெரும்பாலும் வேலை நாள்களுக்கு மட்டும்தான் செல்லும். சஃபாரியில் கை முறிந்தால் அது பணம் தராது. சொந்த நாள்களுக்குத் தனியாக ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள்.

துபாயில் 2022 ஜனவரியிலிருந்து அரசு விடுமுறை சனி, ஞாயிறு. வெள்ளி அரை நாள். தனியார் யார்டுகள், ஒர்க்‌ஷாப்புகள் பல ஆறு நாள் ஓடும். போகும் இடத்தின் வார விடுமுறை எது என்று அங்குள்ளவரிடமே கேளுங்கள். ரமலான் மாதத்தில் வேலை நேரம் தினமும் இரண்டு மணி நேரம் குறையும், அதற்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

விசாவில் ஏமாறக் கூடாது

மீட்டிங், கண்காட்சி, சரக்கு பார்ப்பது என்றால் விசிட் விசா போதும். ஸ்பேனரைக் கையில் எடுத்து வேலை செய்வது என்றால் கதை வேறு. விசிட் விசாவில் கை வேலை செய்வது அங்கே சட்டவிரோதம். குறுகிய கால வேலைக்கு என்றே தனி அனுமதி இருக்கிறது. அதை அங்குள்ள கம்பெனிதான் எடுத்துத் தர வேண்டும். "விசிட்ல வாப்பா, எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க" என்று யார் சொன்னாலும், எந்த வகை விசா என்று எழுத்தில் கேளுங்கள்.

பத்தாவது முடிக்காமல் இசிஆர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு வேலை விசாவில் போவதற்கு முன் குடியேற்ற அனுமதி கட்டாயம். அமீரகம் அந்த அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் உள்ளது. விசிட் விசாவில் போனாலும் சென்னை இமிக்ரேஷனில் கேள்வி அதிகம் வரும். திரும்பும் டிக்கெட், ஹோட்டல் புக்கிங், கம்பெனிக் கடிதம், அழைப்புக் கடிதம் நான்கும் பிரிண்ட் எடுத்துக் கையில் இருக்கட்டும். போனில் இருக்கிறது என்று சொல்லி அங்கே நின்று தேடாதீர்கள்.

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதம் செல்ல வேண்டும். விசா முடிந்தபின் தங்கினால் ஒரு நாளைக்கு 50 திர்ஹம் அபராதம். சொந்த நாள்களைச் சேர்க்கும்போது விசா நாள்களை எண்ணிப் பாருங்கள்.

பெட்டியில் வைக்கக் கூடாதது, மறக்கக் கூடாதது

முதலில் கசகசா. அமீரகத்தில் கசகசா போதைப்பொருள் கணக்கில் வரும் பொருள். வீட்டில் அரைத்துக் கொடுத்த குருமா மசாலாவில் அது கலந்திருந்தால்கூடச் சிக்கல். அம்மாவிடமோ மனைவியிடமோ "இதில் கசகசா போட்டிருக்கா?" என்று கேட்காமல் எந்தப் பொடியையும் எடுத்துப் போகாதீர்கள். வெற்றிலை, பான், குட்கா எதுவும் வேண்டாம்.

அடுத்தது மருந்து. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் உள்ள வலி மாத்திரை, சர்க்கரை நோயாளிகளுக்கு நரம்பு எரிச்சலுக்குக் கொடுக்கும் பிரீகாபலின் போன்றவை அங்கே கட்டுப்படுத்தப்பட்டவை. இங்கே மெடிக்கலில் சாதாரணமாகக் கிடைப்பது அங்கே வழக்காக மாறலாம். டாக்டர் சீட்டைக் காட்டி அந்நாட்டு அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க முடியும். முடிந்தால் டாக்டரிடம் சொல்லி அந்த ஒரு வாரத்துக்கு மாற்று மாத்திரை கேளுங்கள். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இவ்வளவு வெயிலில் அளவு மாற்ற வேண்டுமா என்று போவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்பது அவசியம். அந்த மாத்திரையும் வியர்வையும் சேர்ந்தால் உடம்பில் நீரும் உப்பும் சீக்கிரம் இறங்கிவிடும்.

மறக்கக் கூடாதவை:

- பிரிட்டிஷ் வகை, சதுர மூன்று பின் அடாப்டர். நம் உருண்டைப் பின் அங்கே நுழையாது. மின்சாரம் 230 வோல்ட்தான், அதில் பயமில்லை.
- ஓஆர்எஸ் பொடி ஆறு பாக்கெட். ஒரு லிட்டரில் கலக்கும் பொடியைச் சொல்கிறோம், டெட்ரா பாக்கெட்டில் வரும் இனிப்புப் பானத்தை அல்ல.
- தளர்வான முழுக்கைப் பருத்திச் சட்டை மூன்று. வெளியே வெயிலுக்கும் உள்ளே ஏசிக்கும் ஒரே சட்டை உதவும்.
- விளிம்புள்ள தொப்பி, கறுப்புக் கண்ணாடி, ஒரு லிட்டர் பாட்டில்.
- பவர் பேங்க் கைப்பையில் மட்டும், 100 வாட்-அவருக்குள். 20,000 எம்ஏஹெச் என்றால் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-அவர், செல்லும். எமிரேட்ஸ் விமானங்களில் 2025 அக்டோபரிலிருந்து ஒன்றுதான் அனுமதி, விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவும் கூடாது.

டூல்ஸ் எல்லாம் செக்-இன் பெட்டியில். கண்காட்சி சாம்பிள் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருவதாக இருந்தால், ஃபிக்கி என்ற தொழில் கூட்டமைப்பு வழங்கும் ஏடிஏ கார்னே என்ற சுங்க ஆவணத்தை எடுத்தால் இரண்டு பக்கமும் சுங்க வரி கட்டாமல் போய்வரலாம். கம்பெனிதான் எடுக்க வேண்டும், கடைசி நாளில் நடக்காது. போட்டுக்கொண்டு போகும் நகை கொஞ்சம் கனமாக இருந்தால், புறப்படும்போது சென்னை விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்குங்கள். திரும்பும்போது "அங்கே வாங்கியதா?" என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

கிளம்புவது

விம்கோ நகர் டிப்போவிலிருந்து ஏர்போர்ட் வரை ஒரே மெட்ரோ, வண்டி மாற வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, மண்ணடிக்காரர்களுக்கு இன்னும் குறைவு. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் எப்போது நின்றுபோகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பகல் விமானத்துக்கு மெட்ரோவை நம்புவதே நிம்மதி. விடிகாலை மூன்று, நான்கு மணி விமானம் என்றால் இரவு பதினொரு மணியோடு மெட்ரோ நின்றுவிடும். பத்து மணி வாக்கில் ஏறிப் போய் ஏர்போர்ட்டிலேயே காத்திருங்கள்.

தேதிக் குழப்பம் இங்கேதான் நடக்கும். "ஞாயிறு அதிகாலை 2.45" என்று டிக்கெட்டில் இருந்தால் சனிக்கிழமை இரவே ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். ஞாயிறு முழுக்க ஊர் சுற்றலாம் என்று நினைத்து விமானத்தை விடுகிறவர்கள் ஒவ்வொரு சீசனிலும் இருக்கிறார்கள். லீவு மெயில் எழுதும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

பறக்கும் நேரம் சுமார் நான்கு மணி நேரம். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால். இது நமக்கு லாபம்: இங்கே காலை ஆறு மணிக்கு எழுந்து பழகிய உடம்பு அங்கே நான்கரைக்கே விழித்துக்கொள்ளும். அந்த அதிகாலையைத் தூங்கி வீணாக்காதீர்கள்.

எங்கே தங்குவது, எதில் போவது

ஜெபல் அலித் துறைமுகப் பக்கம் வேலை என்றால் கம்பெனி அங்கேயே ரூம் போட்டுவிடும். வேலைக்கு வசதி, ஊர் பார்க்க வசதியில்லை. கேட்டுப் பார்க்க வாய்ப்பிருந்தால் புர்ஜுமான் அல்லது யூனியன் மெட்ரோ நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் கேளுங்கள். ரெட் லைனும் கிரீன் லைனும் அந்த இரண்டு இடத்தில்தான் சந்திக்கின்றன. ஜெபல் அலிக்கு ஒரு மணி நேரம் ஆகும்; ஆனால் ஷேக் சையத் சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும்போது மெட்ரோ போய்க்கொண்டே இருக்கும். புர்ஜுமானிலிருந்து கராமா பக்கம். இட்லி, சாம்பார், பிரியாணி எதற்கும் அலைய வேண்டாம்.

ரூம் வாடகையோடு டூரிசம் திர்ஹம் என்று ஓர் இரவுக்கு 7 முதல் 20 திர்ஹம் வரை தனியாக வரும். சொந்த நாள்களுக்கு அதையும் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

மெட்ரோவுக்கான சில்வர் நோல் கார்டு 25 திர்ஹம், அதில் 19 திர்ஹம் பயணத்துக்கு இருக்கும். தூரத்தைப் பொறுத்து 3, 5, 7.50 திர்ஹம் கழியும். கார்டில் 15 திர்ஹத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கேட்டிலேயே நிறுத்திவிடும். வண்டிக்குள் தண்ணீர் குடித்தாலே 100 திர்ஹம் அபராதம், ஸ்டேஷனுக்குள் நுழையும் முன் குடித்துவிடுங்கள். பெண்கள், குழந்தைகள் பெட்டியில் ஆண்கள் ஏறினாலும் அபராதம். கூட்டத்தில் தரையில் போட்ட கோட்டைக் கவனியுங்கள். ஞாயிறு மட்டும் மெட்ரோ காலை எட்டு மணிக்குத்தான் தொடங்கும். டெர்மினல் 1, 3-இல் மெட்ரோ நிலையம் உண்டு. டெர்மினல் 2-இல் இல்லை. ஏர்போர்ட் டாக்சி மீட்டர் 25 திர்ஹத்தில் தொடங்கும்.

மேப்பில் ஒரு கிலோமீட்டர் என்று காட்டுவதை நம்பி நடக்காதீர்கள். நடுவில் பன்னிரண்டு வழிச் சாலை இருக்கும். கண்ட இடத்தில் கடந்தால் 400 திர்ஹம் அபராதம். மெட்ரோ நிலையங்களின் ஏசி நடைமேம்பாலம்தான் சாலையைக் கடக்கச் சரியான வழி. துபாய் மால் நிலையத்திலிருந்து மாலுக்குள் போகும் பாலமே 800 மீட்டருக்கு மேல். அதற்குக் கால் மணி நேரம் ஒதுக்காமல் புர்ஜ் கலீஃபா டிக்கெட் நேரத்தைத் தவறவிடுகிறவர்கள் அதிகம்.

வாட்ஸ்அப் மெசேஜ் போகும், கால் போகாது. வீட்டில் பேச கூகுள் மீட், ஜூம், போட்டிம் ஏதாவது ஒன்றைக் கிளம்பும் முன்பே இரண்டு பக்கப் போனிலும் போட்டுப் பழக்கிவிடுங்கள். யுபிஐ சில கடைகளில் எடுக்கிறது, அதை மட்டும் நம்ப வேண்டாம்.

வேலை நாளின் சாயங்காலம்: காசில்லாமல் பார்ப்பவை

வேலை எப்போது முடியும் என்பது கமிஷனிங் முடிந்து கையெழுத்து வாங்கும்வரை யாருக்கும் தெரியாது. அதனால் வேலை நாள்களில் டிக்கெட் வாங்க வேண்டிய எதையும் திட்டத்தில் வைக்காதீர்கள். நேரம் போட்ட டிக்கெட்டை மாற்ற முடியாமல் போனால் 150, 200 திர்ஹம் வீண். சாயங்காலம் ஆறு மணிக்கு விட்டாலும் எட்டு மணிக்கு விட்டாலும் பார்க்கக்கூடியது க்ரீக் எனும் கடற்கழியின் கரை. எங்கள் கருத்தில் துபாயின் நல்ல பகுதியும் அதுதான்.

கிரீன் லைனில் அல் குபைபா நிலையத்தில் இறங்கி நீர்முகத்துக்கு நடந்தால் ஆப்ரா படகுத்துறை. ஒரு திர்ஹம் நாணயத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், படகு நகர்ந்தபின் படகோட்டி வாங்கிக்கொள்வார். நடுவில் இன்ஜின் குழி, அதைச் சுற்றி முதுகோடு முதுகாக இரண்டு வரிசைப் பலகை. வெளிப்பக்கம் கால் தொங்காமல் இழுத்து உட்காருங்கள்; எதிரே வரும் படகு உரசும் அளவுக்கு நெருக்கமாகப் போகும். எதிர்க்கரை டேராவில் சரக்குத் தோணிகள் மூட்டையும் டயரும் பிரிட்ஜும் ஏற்றிக்கொண்டு நிற்கும். துறைமுகத்தை ஒட்டி வளர்ந்தவர்கள் அந்தச் சரக்கு அடுக்கும் விதத்தையே அரை மணி நேரம் பார்க்கலாம். இறங்கியதும் மசாலா சூக் (கடைவீதி), அதை அடுத்துத் தங்க சூக், திரும்ப அல் ராஸ் நிலையம். மொத்தம் இரண்டு மணி நேரம், செலவு ஒரு திர்ஹமும் மெட்ரோவும். சூக் கடைகள் பல மதியம் மூடி நான்கு மணிக்கு மேல் திறந்து இரவு பத்து வரை இருக்கும், ஆகவே சாயங்காலமே சரியான நேரம்.

சொந்த நாள்: மணிக்கணக்கு

கோடையில் ஒரு நாளை மூன்றாக உடைத்துக்கொள்ளுங்கள்.

காலை 5.30 முதல் 8.30 வரை வெளியே. அல் ஃபஹிதி பழைய குடியிருப்புக்கு இதுதான் நேரம். சந்துகள் வேண்டுமென்றே குறுகலாகக் கட்டப்பட்டவை. ஒரு சுவரின் நிழல் எதிர்ச் சுவர்வரை விழும். வீடுகளின் மேல் நிற்கும் பர்ஜீல் காற்றுக் கோபுரத்துக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். உள்ளே குறுக்காக எக்ஸ் வடிவத் தடுப்பு தெரியும். எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் அந்தத் தடுப்பில் மோதிக் கீழே அறைக்குள் இறங்கும், சூடான காற்று மறுபக்கம் வழியாக மேலே போகும். மின்சாரம் வருவதற்கு முன் இந்த ஊரில் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு அந்தக் கோபுரமே விளக்கம். பக்கத்திலுள்ள அல் ஃபஹிதி கோட்டை 1787-இல் கட்டப்பட்டது.

ஏசி அறையிலிருந்து வெளியே வந்த நிமிடமே மூக்குக்கண்ணாடியும் கேமரா லென்ஸும் பனிபோல் மூடிக்கொள்ளும். துடைத்தால் மறுபடி மூடும். பத்து, பதினைந்து நிமிடம் அப்படியே விட்டால் கண்ணாடி சூடாகித் தானே தெளியும். கேமராவை இரவே ஒரு ஜிப் கவரில் போட்டு மூடி வைத்து, வெளியே வந்து கவரோடு சூடாகவிட்டுப் பிறகு திறப்பது இன்னும் நல்லது.

9 முதல் 5 வரை கூரைக்குள். முதலில் ரூமுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் தூங்குங்கள். பிறகு மியூசியம் ஆஃப் த ஃபியூச்சர், அல்லது துபாய் ஃபிரேம், அல்லது புர்ஜ் கலீஃபா. மூன்றும் ஒரே நாளில் வேண்டாம். ஃபிரேம் 150 மீட்டர் உயரம், விலை குறைவு. ஒரு பக்கம் பழைய ஊர், மறுபக்கம் புது ஊர் தெரியும். 828 மீட்டர் கலீஃபாவின் 124-ஆம் மாடிக்குச் சூரியன் மறையும் நேரத்து டிக்கெட்டுக்குத்தான் விலை அதிகம். கோடையில் தூசும் புகைமூட்டமுமாக இருக்கும் நாள் அந்தப் பணம் தண்டம். காலையில் ரூம் ஜன்னல் வழியாகத் தூரத்துக் கட்டடம் மங்கலாகத் தெரிந்தால் அன்று வாங்காதீர்கள்.

5.30-க்கு மேல் மறுபடி வெளியே, ஆனால் ஜூலை, ஆகஸ்டில் ஒரே மூச்சில் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

குளிர்காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை, மதியம் மட்டும் கொஞ்சம் ஒதுங்கினால் போதும். அந்த மாதங்களில் ராஸ் அல் கோர் சரணாலயத்துக்குக் கட்டாயம் போங்கள், கட்டணம் கிடையாது. பழவேற்காட்டில் பூநாரைகளைத் தூரத்துப் புள்ளியாகப் பார்த்தவர்கள், இங்கே மறைவிடத்திலிருந்து இன்னும் கிட்டத்தில், பின்னால் வானுயர்ந்த கட்டடங்களோடு பார்க்கலாம். குளோபல் வில்லேஜ், மிராக்கிள் கார்டன் இரண்டும் கோடையில் மூடியிருக்கும்.

உடம்பு என்ன சொல்கிறது

வெயிலுக்கு உடம்பு பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். ஐந்து நாள் பயணத்தில் அது நடக்காது, அதுவும் பகல் முழுக்க ஏசியில் இருப்பவருக்கு நடக்கவே நடக்காது. வெயிலில் புதிதாக வேலைக்கு இறங்குகிறவர் முதல் நாள் வழக்கமான நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வெயிலில் இருக்கலாம், பிறகு நாளுக்கு ஐந்தில் ஒன்று கூட்டலாம் என்பது தொழில் பாதுகாப்பு விதி. ஊர் பார்க்கவும் அதே விதியை வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியில் நடக்கும்போது 15, 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர், அதாவது 240 மில்லி. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அதே சமயம் ஒரு மணி நேரத்தில் சுமார் 1.4 லிட்டரைத் தாண்டவும் கூடாது. உப்பில்லாத தண்ணீரையே மடமடவென்று குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி அதுவே மயக்கம் தரும். வியர்த்துக் கொட்டிய நாளில் ஒரு லிட்டர் ஓஆர்எஸ். பொடி இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பாலைவனத்துக்குள் ஏமாற்றம் வேறு மாதிரி: காற்று வறண்டிருப்பதால் வியர்வை உடனே ஆவியாகிச் சட்டை காய்ந்தே இருக்கும். வியர்க்கவில்லை என்று நினைப்பீர்கள். சிறுநீர் மஞ்சள் கூடியிருந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு வந்தால் உடனே ஏசிக்குள் போங்கள், அன்றைக்கு வெளிவேலை முடிந்தது. கூட வந்தவர் பேச்சுக் குழறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், அது ஹீட் ஸ்ட்ரோக் என்னும் வெப்பவாதம். 998-க்குப் போன் செய்து, ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலில் படுக்கவைத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பாலைவன சஃபாரி

கையெழுத்து வாங்கி வேலை முடிந்தபின் மட்டும் புக் செய்யுங்கள். மதியம் மூன்று மணி வாக்கில் ஹோட்டலுக்கே வண்டி வரும், ஒன்பது, ஒன்பதரைக்குத் திருப்பி விடுவார்கள். மணலுக்குள் இறங்கும் முன் டிரைவர் டயர் காற்றை 15 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குவார். டயர் தட்டையாகி மணலில் அகலமாகப் பதிந்தால்தான் புதையாமல் ஓடும். காற்றை இறக்காமல் அவசரமாகக் கிளம்பும் வண்டியில் ஏறாதீர்கள். மணலில் ஏறி இறங்கும் ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். குமட்டல் வருகிறவர் முன்சீட்டைக் கேளுங்கள். முதுகுத்தண்டு பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் குன்றில் ஏறி இறங்கும் பகுதியைத் தவிர்த்து நேரே முகாமுக்குப் போகும் வண்டி கேட்க வேண்டும். போனை ஜிப் கவரில் போடுங்கள், சார்ஜ் துளையில் மணல் போனால் எடுப்பது கஷ்டம். அன்று இரவே விமானம் என்றால் சஃபாரி வேண்டாம்.

மக்களை, குறிப்பாகப் பெண்களை, கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். அரசுக் கட்டடம், துறைமுகம், நீங்கள் வேலை செய்யும் பிளான்ட் எதையும் எடுக்க வேண்டாம்.

வாங்குவதும் திரும்புவதும்

தங்கத்தில் அன்றைய விலை எல்லாக் கடையிலும் ஒன்றுதான், பேரம் செய்கூலியில் மட்டும். ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கியவர்களுக்குத்தான் நம் சுங்கத்தில் வரியில்லா நகைச் சலுகை. ஒரு வாரம் போய்வருகிறவருக்கு அது கிடையாது. 2024 ஜூலையில் இங்கே தங்க இறக்குமதி வரி 15-லிருந்து 6 சதவீதமாகக் குறைந்தபின் விலை வித்தியாசமும் சுருங்கியது. சும்மா பார்த்து ரசிக்கலாம்.

250 திர்ஹத்துக்கு மேல் ஒரே பில்லில் வாங்கினால், திட்டத்தில் சேர்ந்த கடைகளில் 5 சதவீத வாட் வரியில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். பாஸ்போர்ட் காட்டி பில் போடச் சொல்லுங்கள். ஏர்போர்ட்டில் பெட்டியை செக்-இன் செய்வதற்கு முன் அந்தக் கவுன்டருக்குப் போங்கள். பொருளைக் காட்டச் சொன்னால் பெட்டி கையில் இருக்க வேண்டும்.

கடைசி நாள் ரூமைப் பகல் பன்னிரண்டுக்குக் காலி செய்தாலும் ஹோட்டல்காரர்கள் பெட்டியை இரவுவரை வைத்துக்கொள்வார்கள். அதை இழுத்துக்கொண்டு வெயிலில் அலையாதீர்கள்.

பில் விஷயம் ஒன்று. டாக்சி, சாப்பாட்டு ரசீதுகள் எல்லாம் வெப்பத்தாளில் அச்சானவை. கார் டேஷ்போர்டில் வெயிலில் கிடந்தால் தாளே கருத்துவிடும், சட்டைப்பையில் வியர்வை பட்டால் எழுத்து மறையும். வாங்கிய இடத்திலேயே போட்டோ எடுத்து, வேலை நாள் பில்லை ஒரு ஃபோல்டரிலும் சொந்த நாள் பில்லை இன்னொன்றிலும் போடுங்கள். இரண்டும் கலந்து ஒரே ஒரு சஃபாரி பில் கம்பெனிக் கணக்கில் போய்விட்டால், அடுத்த முறை மெயில் அனுப்பும்போது அனுமதி கிடைக்காது.